ஹார்ட்டன்புருக் வீட்டுப் புத்தகத்தில் உன் தாத்தா

மகனே,

நலம் விசாரிக்கும் வரிகளை இந்த முறை விட்டுவிடுகிறேன். நீ நலமாக இருக்கிறாய் என்பது உன் போட்டோக்களிலேயே தெரிகிறது. நலமில்லாமல் இருப்பது நாங்கள்தான். நீ கட்டிக்கொள்ளப்போகிற ஹன்னாவின் பெரியப்பா வந்து ஒரு வாரம் ஆகப்போகிறது. நம் வீட்டு மாடி அறையில் தங்கியிருக்கிறார். காலையில் எழுந்ததும் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, பிறக்கவே பிறக்காத ஒரு போர்த்துகீசியக் கப்பல் தலைவனின் கல்லறையைத் தேடித் தூத்துக்குடித் தெருக்களில் நடக்கிறார். அவர் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு நான் நடக்கிறேன். உன்னைப் போனில் கூப்பிட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்கிறாய். வாட்ஸப்பில் எழுதினால் படித்ததற்கான நீலக் குறி விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால் உட்கார்ந்து நீளமாக மெயில் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்தியவள் நான். புரியாத பாடத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்ப நடத்துவேன். உன் அக்காவுக்கும் இதன் ஒரு பிரதி போகிறது. அவள் படித்தால் தெருவே படித்த மாதிரி என்பது உனக்குத் தெரியும். அந்தப் பயத்திலாவது கடைசி வரை படி.

நடந்ததை முதலில் வரிசையாக வைக்கிறேன், ஏனென்றால் நீ என்னிடம் எல்லாவற்றையும் துண்டு துண்டாகத்தான் சொன்னாய். ஹன்னா வீட்டுப் பெயர் ஃபொன் ஹார்ட்டன்புருக். அந்த ‘ஃபொன்’ பழைய பிரபுக் குடும்பம் என்பதற்கு அடையாளம். பெரிய ராஜ வம்சம் எதுவும் இல்லை. ஒரு சின்னக் கோட்டை, ஒரு பாலம், சுற்றி நாலைந்து கிராமங்கள் வைத்திருந்த குடும்பம். இப்போது அதுவும் இல்லை. முதல் உலகப் போர் முடிந்து ஜெர்மனியில் குடியரசு வந்தபோது பட்டங்கள் சட்டப்படி போய்விட்டன. பெயரோடு ஒட்டிய அந்தச் சிறு சொல் மட்டும் மிச்சம். கோட்டை இன்று முதியோர் இல்லம். பெரியப்பா லோதார் மாடுகளுக்கு வைத்தியம் பார்த்து ஓய்வுபெற்றவர். ஆனால் அவர்களிடம் ஒரு வீட்டுப் புத்தகம் இருக்கிறது. தலைமுறைக்கு ஒருவர் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தத் தலைமுறைக்கு அவர். புதிதாக வீட்டுக்குள் வரும் மருமகனோ மருமகளோ யாராக இருந்தாலும், அவர்களுடைய மூன்று தலைமுறைப் பெயர்களும் தொழில்களும் அதில் ஏறும். ஏறுவதற்கு முன் அந்தப் பக்கத்துப் பெற்றோரில் ஒருவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் கல்யாணத்துக்கு முன்னால் புதிய பதிப்பு அச்சாகி, வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் கொடுக்கப்போகிறார்களாம்.

அவர்கள் வீட்டு விருந்துக்கு நீ முதன்முதலாகப் போன அன்று, கோமஸ் என்ற பெயர் இந்தியப் பெயர் மாதிரி இல்லையே என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. பதிலும் கஷ்டமானது இல்லை. இந்தக் கரையில் நூற்றாண்டுகளுக்கு முன் ஊர் ஊராகச் சனங்கள் ஞானஸ்நானம் வாங்கினார்கள். ஞானத்தகப்பனாக வந்து நின்ற போர்த்துகீசியப் பறங்கியின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். அதனால் ஒரு தெருவுக்கே ஒரே பெயர் வந்தது, இரத்தம் ஒன்றும் கலக்கவில்லை. இதை நானே உனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கோழிப் பண்ணையில் ஒரே வண்ணம் பூசிவிட்ட குஞ்சுகள் மாதிரி என்று உதாரணம்கூடச் சொன்னேன், நீ சிரித்தாய். அந்த விருந்தில் நீ என்ன சொன்னாய்? முத்து தேடி வந்த ஒரு கப்பல் தலைவன் எங்கள் முன்னோர் என்றாய். அதோடு நிறுத்தியிருந்தால் விளையாட்டுப் பேச்சென்று விட்டிருக்கலாம். அவருக்கு மாதா கோயிலுக்குள் கல்லறை உண்டு, கல்லில் குலச் சின்னம் செதுக்கியிருக்கிறது என்றாய். பெரியப்பா ஆசையாசையாக எழுதிக் கேட்டபோது, தாத்தாவின் பெயருக்கு நேரே ‘முத்து வணிகர்’ என்று எழுதி அனுப்பினாய். அந்த மனிதர் தொப்பியும் கேமராவுமாகப் புறப்பட்டு வந்துவிட்டார்.

வந்த மறுநாளே அவரை நம் தெருவழியாகக் கூட்டிப்போனேன். டீக்கடைப் பலகையில் கோமஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்து நின்றார். “உங்கள் உறவினரா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை என்றேன். அடுத்தது கோமஸ் டெய்லர்ஸ். அதற்கடுத்தது கோமஸ் ஐஸ். வலைக் கடையிலும் கோமஸ். செல்போன் ரீசார்ஜ் கடையிலும் கோமஸ். ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்தவர், கடைசியில் கேமராவை இறக்கிவிட்டு மிகவும் மரியாதையாகச் சொன்னார்: “அந்தக் கப்பல் தலைவர் ஓய்வே எடுக்கவில்லை போலிருக்கிறது.” எனக்குச் சிரிப்பும் வந்தது, உன் காதைத் திருக வேண்டும் போலவும் இருந்தது. டீக்கடை அண்ணாச்சி எட்டிப் பார்த்து, “என்ன டீச்சர், தொர என்னத்தத் தேடுதாரு?” என்றார்.

“நம்ம பேரு எங்கேயிருந்து வந்ததுன்னு கேக்காரு.”

“இது என்ன பெரிய ரகசியமா? தண்ணி ஊத்துன அன்னைக்கி வச்ச பேருல்லா. ஞானத்தகப்பன் பேரு. எங்க பூட்டன் வல இழுத்தவரு. கோமஸுன்னு வச்சதும் வல என்ன தானா வந்துச்சா? சொல்லுங்க டீச்சர் அவருட்ட.”

லோதார் என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? இவருடைய பூட்டனார் மீன்பிடித் தொழில் செய்தவராம் என்று மட்டும் சொன்னேன். வகுப்பில் ஒரு பிள்ளை பாதிப் பதில் எழுதினால் பாதி மதிப்பெண்தான் போடுவேன். உன்னால் இந்த வயதில் நான் பாதிப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அண்ணாச்சி டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். “சம்பந்தி வூட்டு ஆளுக்கா காசு” என்றார். அவருக்கு இருக்கும் தெளிவு உனக்கு இல்லை. அவரைப் பொறுத்தவரை வந்திருப்பவர் சம்பந்தி, அவ்வளவுதான். கோட்டை, பாலம் எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

கோயிலில் நடந்ததையும் கேள். உபதேசியாரிடம் போய், உள்ளே சின்னம் செதுக்கிய கல்லறைக் கல் ஏதாவது உண்டா என்று கேட்க வேண்டியிருந்தது. “கல்லா? அங்கன சுவரோரம் ஒண்ணு கெடந்துச்சு. அது டச்சுக்காரன் கல்லு. நம்மாளு கல்லுக்கு எங்கன போவ? நம்மாளுகள மணல்லதான் பொதைச்சாக, ரெண்டு மழைக்கு மேடு கரைஞ்சிரும்” என்றார். உன் அப்பாவும் கூட வந்திருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்தில் பேசாததையெல்லாம் ஓய்வுபெற்ற பிறகு பேசுகிற மனிதர் அவர். சட்டென்று கடல் பக்கம் கையைக் காட்டி, பெரிய புயல், கல்லைக் கொண்டுபோய்விட்டது என்று தெரிந்த ஆங்கிலத்தில் அளந்துவிட்டார். லோதார் தொப்பியைக் கழற்றிக் கடலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். வீட்டுக்கு வந்ததும் உன் அப்பாவிடம் சண்டை போட்டேன். “ஏளா, இருந்துட்டுப் போட்டும். நம்ம பய அங்கன தலை நிமிந்து உக்காரணும்லா. ஒரு கப்பக்காரன் சும்மா நின்னா நமக்கென்ன நட்டம்?” என்றார். அப்பனும் மகனும் ஒரே அச்சு. ஆனால் இது செவ்வாய்க்கிழமைப் பேச்சு. புதன்கிழமை அவர் அப்படிப் பேசவில்லை. அதற்கு வருகிறேன்.

புதன்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு லோதார் ஒரு நீளமான உருளையைத் திறந்து, சாப்பாட்டு மேசையில் தன் குடும்ப மரத்தை விரித்தார். நாலு மூலைக்கும் டம்ளர் வைத்துப் பிடித்தோம். உனக்கு அதைக் காட்டியிருப்பார்கள், நீ பார்த்திருக்க மாட்டாய். பார்த்திருந்தால் இந்தப் பொய்யைச் சொல்லியிருக்க மாட்டாய். அடியில் வேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு பெயர். அந்த ஆள் யார் என்று கேட்டேன். சிலுவைப் போருக்குப் போன வீரர் என்று எதிர்பார்த்தேன். “இவர் உரிமையில்லாத மனிதர்” என்றார் லோதார். அந்தக் காலத்தில் அங்கே பிஷப்புகளுக்கும் பெரிய பிரபுக்களுக்கும் குதிரை ஏறிச் சண்டை போடும் பணியாட்கள் இருந்தார்களாம். வாளும் கவசமும் இருக்கும், சுதந்திரம் இருக்காது. எசமான் அனுமதி இல்லாமல் பெண் கட்ட முடியாது. நிலத்தை இன்னொருவருக்குக் கொடுத்தால் நிலத்தோடு சேர்த்து இவர்களையும் கொடுத்துவிடலாம். இந்த முதல் ஹார்ட்டன்புருக் ஒரு மடத்துக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்தாராம், சில குதிரைகளோடு. மடம் அவரைப் பாலத்தில் சுங்கம் வாங்க நிறுத்தியது. பேரன்கள் காலத்தில் பாலம் அவர்களுடையதானது, பிறகு அவர்கள் பிரபுக்கள் ஆனார்கள். “ஜெர்மனியில் என்னைப் போன்ற சின்ன வீடுகள் பலவற்றின் அடியில் இப்படி ஒருவர் இருப்பார். நிறையப் பேர் அவர் மேல் ஒரு வீரரை வரைந்து மறைத்துவிட்டார்கள்” என்று சொல்லிவிட்டுத் தன் விரலை அந்தப் பெயர் மேல் வைத்தார். பேரப்பிள்ளையின் தலையைத் தொடுகிற மாதிரி இருந்தது.

மேலே போகப்போக எனக்கு நம் தெருவையே படிப்பது போல் இருந்தது. ஒரு தலைமுறையில் இரண்டு அண்ணன் தம்பிகள் கோட்டையை நடுவே சுவர் எழுப்பிப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். கிணறு ஒருவன் பக்கம் விழுந்தது, ரொட்டி சுடும் அடுப்பு மற்றவன் பக்கம் விழுந்தது. இரண்டு மருமகள்களும் பேசிக்கொள்வதில்லை. கடைசியில் சுவரில் ஒரு ஓட்டை போட்டு, ஒரு பக்கம் வாளியும் மறுபக்கம் ரொட்டியும் தள்ளியிருக்கிறார்கள். நம் எதிர்வீட்டில் மோட்டாருக்கும் மாடிப்படிக்கும் நடந்த சண்டையை நான் அவருக்குச் சொன்னேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அங்கே நடந்த முப்பதாண்டுப் போரில் கோட்டை எரிந்தது. பிறகு ஒரு காலத்தில் ஆண்வாரிசே இல்லாமல் ஒரு மகள் மட்டும் மிஞ்சினாள். அவளைக் கட்டியவன் பணக்காரப் பீர் வடிப்பவன் மகன். பேரரசரிடம் அனுமதி வாங்கி மாமனார் வீட்டுப் பெயரையும் சின்னத்தையும் போட்டுக்கொண்டான். “கண்டிப்பாகப் பார்த்தால் நாங்கள் ஹார்ட்டன்புருக் இல்லை அம்மா. நாங்கள் பீர்” என்றார் லோதார். உன் அப்பாவுக்கு அவரை மிகவும் பிடித்துப்போன நிமிடம் அதுதான்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனமாகப் படி. மரத்தின் நடுவில் ஓரிடத்தில் சிவப்பு மையில் ஒரு கிளை தனியாகப் போய் ரோமாபுரிப் பிரபு ஒருவரிடம் முடிகிறது. பக்கத்தில் பொடி எழுத்தில் என்னவோ எழுதியிருந்தது. அது என்ன என்று கேட்டேன். பெரிய மடத்தில் தன் மகனுக்கு இடம் பிடிக்க ஆசைப்பட்டாராம் ஒரு ஹார்ட்டன்புருக். அங்கே சேர வேண்டுமானால் தாத்தா பாட்டிகளுடைய தாத்தா பாட்டிகள் பதினாறு பேரும் பிரபு வம்சம் என்று காட்ட வேண்டும். இவரிடம் பதினாறு பேர் தேறவில்லை. அதனால் வம்சாவளி எழுதுகிற ஒருவனைப் பிடித்து ரோமாபுரி வரை ஒரு கிளையை வரையச் சொல்லிவிட்டார். பொய் சில ஆண்டுகளிலேயே வெளியே வந்துவிட்டது. ஆனால் அந்த வீட்டுப் புத்தகத்துக்கு ஒரு விதி உண்டு. ஏறிய எதையும் அழிக்கக் கூடாது. தவறென்றால் பக்கத்தில் தவறு என்று எழுதலாம், அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு பதிப்பிலும் அந்தக் கிளை அச்சாகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் ‘இது பொய், சொன்னவர் இன்னார்’ என்ற வரியும் அச்சாகிறது. “எரிந்த பாலத்தைத் திரும்பக் கட்டியவர் அவர்தான். ஊருக்குப் பள்ளிக்கூடம் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் எங்கள் குழந்தைகள் புத்தகத்தைத் திறந்தால் முதலில் தேடுவது பொய் சொன்ன தாத்தாவை” என்றார். அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நாளைக்கு உனக்கும் ஹன்னாவுக்கும் பிறக்கிற பிள்ளை அந்தப் புத்தகத்தில் இன்னொரு பொடி எழுத்து வரியைப் படிக்கும். அந்த வரியில் உன் பெயர் இருக்கும்.

அதற்குப் பிறகுதான் அவர் உன் பக்கத்தை எடுத்தார். இன்னும் அச்சாகாத, தனியான ஒரு தாள். உன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர். தாத்தாவுக்கு நேரே ஜெர்மன் மொழியில் ஒரு சொல் இருந்தது. உன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அது என்ன என்று கேட்டார். முத்து வணிகர் என்று லோதார் ஆங்கிலத்தில் சொன்னார். அப்பாவுக்குப் புரிந்தது. கப்பல் தலைவனைச் சொன்னபோது சிரித்த மனிதர் இதற்குச் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எங்கப்பா சட்ட போடுததே பூசைக்குப் போவும்போதுதான். வியாபாரியாமே” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. யாரோ வேற்று ஆளின் பேரைத் தவறுதலாக எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது என்பது மாதிரிச் சொன்னார்.

உன் தாத்தா சங்கு குளித்தவர். இளவயதில், முத்துக்குளிப்பு நடந்த கடைசிக் காலத்தில், முத்தும் குளித்தவர். அதன்பிறகு கைகால் ஓய்கிற வரை சங்குதான். ஆழத்தில் போய்ப்போய் இடது காது போயிற்று. நீ குழந்தையாக இருக்கும்போது எப்போதும் அவருடைய வலது பக்கம்தான் உட்காருவாய். யாரும் உனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, நீயாகக் கண்டுபிடித்தாய். உன் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு அவர் வந்திருந்தபோது, தன் குரல் தனக்குக் கேட்காமல் சத்தமாக உன்னைக் கூப்பிட்டார். செவிட்டுத் தாத்தா என்று கேலி செய்தவனின் சட்டைப் பையை நீ பிய்த்து எடுத்துவிட்டாய். ஆசிரியை மகன் இப்படிச் செய்யலாமா என்று உன்னை மன்னிப்புக் கேட்க வைத்தேன். கேட்க வைத்திருக்க வேண்டாம் என்று இந்த வாரம் தோன்றுகிறது. அன்று அந்தச் சட்டையைக் கிழித்த பிள்ளையும் இன்று அவரை வணிகராக்கிய பொறியாளரும் ஒரே ஆள் என்று நம்ப எனக்குச் சிரமமாக இருக்கிறது.

நீ ஏன் சொன்னாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வெள்ளிக் கரண்டிகள் வரிசையாக வைத்த மேசை. சுவரெல்லாம் அவர்கள் வீட்டு ஆட்களின் படங்கள். எல்லோரும் அன்பாகத்தான் கேட்கிறார்கள். கேட்கிறவர்களுக்கு பல நூறு வருடக் கதை கையில் இருக்கிறது, உன்னிடம் மணல் மேடு. அந்த நேரத்தில் வாயில் வந்தது ஒரு கப்பல். எனக்குப் புரிகிறது. பரீட்சையில் பதில் தெரியாத பிள்ளை பக்கம் முழுக்க எதையாவது நிரப்பிவைக்கும். ஆனால் உனக்குப் பதில் தெரியும். தெரிந்த பதிலை அடித்துவிட்டுத் தெரியாததை எழுதிய பிள்ளையை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. போனில் ஒரே ஒரு தடவை பிடிகொடுத்தபோது நீ என்ன சொன்னாய்? “அம்மா, அவங்களுக்கு இந்தப் பரம்பரை எல்லாம் முக்கியம்மா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.” முக்கியம் என்பதால்தான் சொல்கிறேன். அவர்களுக்கு முக்கியமில்லை என்றால் நீ ராஜராஜன் பேரன் என்று சொல்லிக்கொண்டு அலைந்தாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

வியாழக்கிழமை நான் லோதாருக்கு இந்தக் கரையின் சங்குகுளிப்பைப் பற்றிச் சொன்னேன். யாருடைய கதை என்று சொல்லாமல், பாடம் நடத்துகிற மாதிரி சொன்னேன். குளிக்கிறவன் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். மறுமுனை படகில் நிற்பவன் கையில். கீழே இருந்து இழுத்துக் காட்டியதும் மேலே இருப்பவன் தூக்க வேண்டும். தாமதித்தால் ஆள் திரும்ப மாட்டான். அதனால் கயிற்றை வேறு யாரிடமும் கொடுப்பதில்லை, மனைவியின் அண்ணனிடமோ தம்பியிடமோதான் கொடுப்பார்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். உன் தாத்தா இருந்த காலத்தில் சொல்வதையே சொன்னேன். “மச்சான்தான் முழிச்சிருப்பான். அவன் கண் அசந்தான்னா, தங்கச்சி பெட்டியத் தூக்கிக்கிட்டு அவன் வூட்டுக்குல்லா வந்துருவா” என்பார் அல்லவா, அதை அப்படியே. லோதார் சிரிக்கவில்லை. தன் மரத்தை மறுபடி விரித்துப் பார்த்தார். அதில் பெண்களுக்கு ஒரு சின்னக் கோடு மட்டும் இருக்கிறது, புருஷன் பெயரோடு நின்றுவிடும். “எங்கள் மரத்தில் யார் கையில் கயிறு இருந்தது என்று எழுதவே இல்லை” என்றார். பிறகு உன் அப்பா பக்கம் திரும்பிக் கேட்டார்: “நீங்கள் அப்படிக் குளித்த யாரையாவது நேரில் பார்த்திருக்கிறீர்களா?”

உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் உன்னை நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். சின்ன வயதில் அந்தப் படகில் தண்ணீர் இறைத்தவர் அவர். அவருடைய தாய்மாமன் கயிற்றைப் பிடித்து நிற்க, தன் தகப்பன் மேலே வருவதற்காகத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவர். மூக்கிலும் காதிலும் இரத்தம் வடிய அந்தத் தகப்பன் ஏறி உட்கார்வதைப் பார்த்தவர். “பாத்துருக்கேன்” என்றார். யாரை என்று லோதார் கேட்பதற்குள் எழுந்து, டீ வாங்கி வருகிறேன் என்று போய்விட்டார். வீட்டில் டீ போட்டு வைத்திருந்தது.

அவர் படி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு உன் மேல் வந்த கோபத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. உன் அப்பா உனக்காக எத்தனையோ செய்திருக்கிறார், அதையெல்லாம் கணக்குப் பார்க்கிற ஆள் இல்லை. ஆனால் பெற்ற தகப்பனைத் தெரியாத ஆள் மாதிரிச் சொல்ல வேண்டிய நிலைமையை இதுவரை யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை. நீ கொடுத்தாய். அதுவும் யாரிடம் மறைக்க? குதிரைகளோடு மடத்துக்குக் கொடுக்கப்பட்ட மனிதரை முதல் பக்கத்தில் வைத்திருக்கிறவரிடம்.

அன்று சாயங்காலம் லோதார் அந்தத் தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார். சரித்திரம் நடத்திய ஆசிரியையே கையெழுத்துப் போடுவது தன் புத்தகத்துக்குப் பெருமை என்றார். நான் பேனாவை மூடி அவர் கையிலேயே கொடுத்தேன். இந்தத் தாளில் என் மகன் திருத்த வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை அவனே உங்களிடம் சொல்வான், அதன்பிறகு அனுப்புங்கள், போடுகிறேன் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். மாட்டு வைத்தியர் அல்லவா. வாய் பேசாததை வைத்தே வலியைக் கண்டுபிடித்துப் பழகியவர். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உன்னைப் பற்றி ஒரு சொல்கூடத் தவறாகப் பேசவில்லை.

இனி நீ செய்ய வேண்டியது. அவர் நாளை இங்கிருந்து கிளம்புகிறார். அங்கே விமான நிலையத்துக்கு நீதான் கார் எடுத்துக்கொண்டு வருகிறாய் என்று சொன்னார். வீடு போய்ச் சேர்வதற்குள் சொல்லிவிடு. ஹன்னாவிடம் அதற்கு முன்பே, இன்றைக்கே சொல். அவள் பெரியப்பாவின் வாயால் கேட்கக் கூடாது. சுற்றி வளைக்காதே. கப்பல் இல்லை, கல் இல்லை, தாத்தா கடலில் சங்கு குளித்தவர், அவ்வளவு போதும். நீ வெட்கப்பட்டுச் சொன்னால் அது வெட்கப்பட வேண்டிய செய்தியாகிவிடும், சாதாரணமாகச் சொல். ஒருவேளை அவர்களுக்கு வருத்தம் வரும், ஹன்னா அழுவாள், கல்யாணம்கூடத் தள்ளிப் போகலாம். அதற்காக நான் கவலைப்படவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது. வீடியோவில் பேசும்போது அவள் உன் அப்பாவுக்குப் புரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுகிறாள். ஆனால் தப்பான தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்தப் பெண்ணின் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்க என்னால் ஆகாது. நீ சொல்லாவிட்டால் நான் அந்தக் கல்யாணத்துக்கு வருவேன், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்காருவேன், அங்கே யார் எது கேட்டாலும் உள்ளதைச் சொல்வேன், கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில்.

லோதார் பெட்டியில் முந்திரி மக்ரூன் டப்பா இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று ஹன்னா வீட்டுக்கு. மற்றது உனக்கு. உன்னுடையதை நீ அவரிடம் ஒரு விஷயம் பேசி முடித்த பிறகுதான் கொடுக்க வேண்டும், அதற்கு முன்னால் எவ்வளவு கெஞ்சினாலும் கொடுக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். சரி என்று தலையாட்டி, அதைத் தன் கைப்பைக்குள் மாற்றி வைத்துக்கொண்டார். வார்த்தை தவறாத மனிதர் மாதிரித் தெரிகிறது. மக்ரூன் நமத்துப்போவதற்குள் பேசு.

அம்மா